நுங்கம்பாக்கம், கொடைக்கானல், காவலூர்: ஒரு வானாய்வகம் நடந்த வழியில்

புதன், நுங்கம்பாக்கம்

ஐப்பசி பிறந்தால் செய்தியில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: சென்னை நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையை அளக்கும் மண்டல வானிலை மையம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. அதன் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. இந்தியாவின் நவீன வானாய்வகம் அந்தத் தூணிலிருந்துதான் கிளம்பியது என்பது அந்தச் சாலையில் தினமும் போய்வருகிற பலருக்குத் தெரியாது. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிவைத்திருந்தேன். பெரியப்பாவும் உடன் வந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்தின்மேல் அவருக்குத் தனி மரியாதை.

தூண், படத்தில் பார்த்ததைவிடப் பருமனாக இருக்கிறது. எடை பத்து டன். 1792 என்ற ஆண்டும், ஆய்வகத்தைக் கட்டிய மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் பொறித்திருக்கிறது. தமிழும் தெலுங்கும் லத்தீனும் அதில் உண்டு. "இவ்வளவு பெரிய கல்லு எதுக்கும்மா?" என்றார் பெரியப்பா. அதன் தலையில் உட்கார்ந்திருந்தது ஒரு சின்னத் தொலைநோக்கி. அது பக்கவாட்டில் திரும்பாது, வடக்கு தெற்காக மட்டும் ஏறி இறங்கும். நட்சத்திரம் உச்சிக்கோட்டை, அதாவது தலைக்குமேல் வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோட்டைக் கடக்கும்போது கண்ணாடிக்குள் கட்டியிருக்கும் மெல்லிய இழையைத் தாண்டும். அந்த நொடியைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரத்தின் இடம் தெரிந்திருந்தால் சரியான நேரம் கிடைக்கும், நேரம் தெரிந்திருந்தால் நட்சத்திரத்தின் இடம் கிடைக்கும். கருவி மயிரிழை அசைந்தாலும் கணக்கு கெட்டது. அதற்காகத்தான் இந்தக் கனம்.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகம் வைத்திருந்தார். அவருடைய கருவிகள் கம்பெனியின் கைக்கு வந்துதான் நுங்கம்பாக்கம் ஆய்வகம் பிறந்தது. கம்பெனிக்கு நட்சத்திரத்தைவிடக் கப்பல்மேல்தான் அக்கறை. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் உடைந்துகொண்டிருந்தன. கரைக்கு நம்பகமான வரைபடம் இல்லை. ஒரு ஊரின் தீர்க்கரேகையாவது சரியாகத் தெரிந்தால்தான் மற்ற ஊர்களை அதிலிருந்து அளக்கலாம். முதல் வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையை நிறுவினார். நில அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு கோட்டை அளந்து, இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாகக் கணக்கெடுக்கும் வேலையைத் தொடங்கினாரே, அந்தப் பெரும் அளவைக்கு ஆதாரத் தீர்க்கரேகை இந்த வளாகத்தினுடையதுதான்.

கோல்டிங்காம் இன்னொன்றும் செய்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும். இங்கிருந்தபடி தீப்பொறி தெரிந்த கணத்துக்கும் சத்தம் வந்த கணத்துக்கும் இடைவெளி குறிப்பார்கள். 1820, 1821 ஆண்டுகளில் இப்படியே ஒலியின் வேகத்தை அளந்தார். கூடவே அன்றன்றைய வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் 1796 முதல் எழுதிவைத்தார்கள். இன்று நாம் கேட்கும் 'நுங்கம்பாக்கம் மழை'க்கு முன்னோடி அந்தப் பதிவேடுகள். வானம் பார்க்கக் கட்டிய இடம் வானிலைக்கு வீடானது அப்படித்தான்.

பெரியப்பாவுக்குப் பிடித்தது சென்னை நேரம். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது அது. இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி போட்டு ஊருக்கு நேரம் சொன்னார்கள். ரயில் வந்தபிறகு கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம் என்று கால அட்டவணை போட முடியாமல் போனது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சென்னை நேரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. 1906-இல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. சென்னை இருப்பது 80 பாகை 15 கலையில். வித்தியாசம் 9 நிமிடம். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அப்போ நம்ம ஊருக்கு நடுப்பகல் பன்னிரண்டு ஒன்பதுக்கா?" என்றார். சராசரியாக அப்படித்தான். பிப்ரவரி நடுவில் சூரியன் இன்னும் 14 நிமிடம் பிந்தும். நின்று பார்த்தோம். தூணின் நிழல் வடக்கே நேராக விழுந்தபோது மணி 12.23.

கல்வெட்டில் ஒரு வாசகம் என்னை உறுத்தியது. கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாகப் பிரிட்டிஷாரின் தாராளத்தால் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வருகிறவர்களும் அறியட்டும் என்பது அதன் கருத்து. ஆரியபட்டரும் சங்கமகிராமத்து மாதவரும் கணக்குப் போட்ட நாட்டில் நின்றுகொண்டு இதை எப்படி எழுதினார்களோ! அதை மறுக்கும் சாட்சி இந்த ஆய்வகத்திலிருந்தே வந்தது. கோல்டிங்காம் இல்லாத சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், பிற்பாடு புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கரைச் சந்தித்தார். அவர் எதையும் தாளில் எழுதவில்லை. தரையில் சோழிகளை அடுக்கி நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டுச் சொற்களைச் சொல்லிக்கொண்டே 1825-இல் வந்த ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டினார். வாரன் அதைப் பதிவுசெய்தார். இருபதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு வரலாற்றறிஞர்கள் அந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பயணத்துக்கே காரணமான மனிதர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்து, இந்த ஆய்வகத்தில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். அது தெற்கே வெகு தொலைவில், சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே பதினைந்து பாகைகூட ஏறாத நட்சத்திரம். இன்றைய நுங்கம்பாக்கத்தில் அந்த உயரத்தில் பார்த்தால் விளக்கு வெளிச்சமும் மாடிக் கட்டடமும்தான் தெரியும். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்கு வனபர்த்திக்கும், 1871 டிசம்பர் கிரகணத்துக்கு நம் அவிநாசிக்கும் கருவிகளோடு போனார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். இந்தியர்களில் அவரே முதல்.

எனக்கு அவரிடம் பிடித்தது அதற்கு மேலும் ஒன்று. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், அதை விளக்கிப் பண்டிதரும் சித்தாந்தியும் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு சிறு நூல் எழுதினார். தமிழ் உட்பட பல மொழிகளில் அது வந்தது. பழைய வாய்பாட்டைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுத் திருத்தி, திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். கண்டுபிடித்தது ஒரு புறம், அதைத் தன் ஊர்க்காரருக்குச் சொல்லவேண்டும் என்ற தவிப்பு இன்னொரு புறம். 1880-இல் காலமானார். சென்னையில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ரகுநாதாச்சாரி வேலை பார்த்தது அப்போது இங்கே வானியலாளராக இருந்த நார்மன் போக்சனிடம். நட்சத்திர ஒளியளவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு என்று உலகம் இன்றும் வைத்திருக்கும் கணக்கு போக்சன் சொன்னது. சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 இரவு, ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து காணப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1885 வரை இன்னும் சில கண்டார். அவர் மகள் எலிசபெத் ஐசிஸ் 1873 முதல் இங்கே உதவியாளர். 1886-இல் அவரை லண்டன் கழக உறுப்பினராக்க முன்மொழிந்தபோது பெண் என்பதால் ஏற்கவில்லை. 1920-இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள்!

ராத்திரி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். பெட்ரியின் ஆய்வகம் இருந்த எழும்பூர்தான் இது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

வியாழன், கொடைக்கானல்

விடியுமுன் கொடை ரோடில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து பிடித்தோம். இந்த ரயில் நிலையம் அப்போது அம்மையநாயக்கனூர். மோட்டார்ச் சாலை வருவதற்கு முன்னால் மேலே போகிறவர்கள் இங்கிருந்து மாட்டுவண்டியில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை போய், அதற்கு மேல் செண்பகனூர்ப் பக்கமாக நடந்தோ, குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோ ஏறவேண்டும். 1890களின் கடைசியில் ஆய்வகம் எழுந்தபோதும் வழி அதுதான். தொலைநோக்கிக் கண்ணாடிகளும் பித்தளைக் குழாய்களும் கடிகாரங்களும் மனிதர்களின் தோளிலும் தலையிலும் ஏறியிருக்கின்றன. ஒரு வளைவில் பேருந்து திணறி நின்றபோது அவர்களைத்தான் நினைத்தேன். அவர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

சென்னையில் நூறு ஆண்டு வேரூன்றிய ஆய்வகம் மலையேறியதற்குக் காரணம் ஒரு பஞ்சம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். எங்கள் ஊர்ப் பக்கம் பாட்டிமார் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தாழும். லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. மழை ஏன் பொய்த்தது என்று தேடியவர்களின் கண் சூரியனின் கரும்புள்ளிகள்மேல் விழுந்தது. பதினொரு ஆண்டுக்கு ஒரு முறை கரும்புள்ளிகள் பெருகிக் குறைகின்றன, மழையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதோ என்று 1877-இல் வானியலாளர் லாக்கியரும் புள்ளிவிவர அதிகாரி ஹண்டரும் எழுதினார்கள். அதற்கு ஆதாரமாக எடுத்தவற்றில் சென்னையின் மழைக்கணக்கும் உண்டு. நேற்று பார்த்த அதே வளாகத்தின் கணக்கு.

அப்புறம் குழுக்கள், கடிதங்கள், இழுபறி. கடைசியில் 1893-இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு தலைமையிலான குழு, தென்னிந்திய மலை ஒன்றில் சூரிய ஆய்வகம் வைக்கலாம் என்றது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், இடம் தேடிக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். தூசு இல்லை, உயரம் 2343 மீட்டர், வருடத்தில் பல மாதம் காலை வெயில் தெளிவு. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் வானியல் வேலை இங்கே மாறியது. சென்னையில் நேரக் கணிப்பும் வானிலையும் தங்கின.

கரும்புள்ளியை எண்ணிப் பருவமழையைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை நிறைவேறவில்லை. ஆனால் பசியிலிருந்து கிளம்பிய அந்தக் கேள்விதான் இந்த மலைமேல் ஒரு சூரிய ஆய்வகத்தை உட்காரவைத்தது. இதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடிவிட்டது. சரி, சூரியன் நாளைக்கு என்று அருங்காட்சியகத்தையும், அனுமதி கிடைத்த அறைகளையும் பார்த்தோம். பெரியப்பா நகராமல் நின்றது ஒரு கடிகாரத்தின் முன்னால். ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம். கேப்டன் குக் தன் பயணத்தில் கொண்டுபோனதும் இதே வார்ப்பு. சென்னை ஆய்வகத்தின் தொடக்க நாள் முதல் கூடவே இருந்து, அதோடு மலையேறி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா தன் கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே வேலை பார்க்கும் ஒருவர், "சாவி கொடுக்கறதை மறக்காம இருந்தா இது இன்னும் ஓடும் ஐயா" என்றார்.

வெள்ளி, கொடைக்கானல்

காலை ஏழு மணிக்கெல்லாம் வானம் துடைத்துவிட்டது. கொடையில் சூரியனைப் பார்க்க நல்ல நேரம் இதுதான். வெயில் ஏறி மண் சூடாகிவிட்டால் காற்று கலங்கும், பிம்பம் துடிக்கும். மதியம் மேகம் வந்துவிடும். அதனால் இங்கே வேலை செய்கிறவர்களுக்கு விடிந்ததும் ஓட்டம்.

வெண்ணொளிப் படம் எடுக்கும் தொலைநோக்கியின் 15 சென்டிமீட்டர் கண்ணாடி, பாரிஸில் லெரபூர், செக்ரடான் பட்டறையில் செய்தது. 1850-இல் சென்னைக்காக வாங்கினார்கள். 1898-இல் டப்ளினில் தொலைநோக்கி செய்யும் கிரப் அதைச் சூரியப் படம் எடுக்கத் தோதாகத் திருத்திக் கொடுத்தார். 1904 முதல் வெயில் அடிக்கும் ஒவ்வொரு நாளும் சூரியனைப் படமாக்கிவைப்பது இங்கே வழக்கம். கால்சியத்தின் ஊதா ஒளியில் தனியாகவும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் தனியாகவும் எடுத்த படங்கள் உண்டு. ஒவ்வொரு நிறமும் சூரியனின் வேறொரு அடுக்கைக் காட்டும். வெண்ணொளியில் கரும்புள்ளி, கால்சியத்தில் அதைச் சுற்றிய பிரகாசத் திட்டுகள், ஹைட்ரஜனில் தீக்கொழுந்துகளும் இழைகளும்.

திரையில் விழுந்த சூரியனில் இரண்டு கூட்டம் புள்ளிகள். பெரிய புள்ளியின் நடு கன்னங்கரேல், சுற்றிலும் சாம்பல் விளிம்பு. அந்த விளிம்பில்தான் கொடைக்கானலின் பெயர் உலகப் பாடநூல்களில் ஏறியது. ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1907-இல் இங்கே வந்தார். கரும்புள்ளியில் காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவில் வானியலாளர் ஹேல் 1908-இல் கண்டிருந்தார். புள்ளி ஒரு சுழல் என்றால் வாயு சுற்றிச் சுழலவேண்டும். 1909 ஜனவரி 5 அன்று எவர்ஷெட் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை எடுத்துப் பார்த்தால் அதிலுள்ள கோடுகள் இடம் நகர்ந்து வேறு கதை சொல்லின. சூரியனின் நடுப்பக்கம் இருந்த விளிம்பில் வாயு நம்மை நோக்கி, ஓரப்பக்கம் இருந்த விளிம்பில் நம்மைவிட்டு விலகி. அதாவது வாயு சுழலவில்லை, நடுவிலிருந்து வெளியே நாலாபுறமும் பாய்கிறது. வேகம் நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அதற்குப் பெயர். புள்ளி வட்டின் நடுவில் இருந்தால் இந்த நகர்வு தெரியாது, ஓரத்துக்குப் போனால் தெரியும். ஒரே புள்ளியைப் பல நாள் விடாமல் பார்த்தவருக்கே இது பிடிபடும்.

அவர் மனைவி மேரியும் வானியலாளர். சூரியனின் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தார். தென்வானத்து நட்சத்திரங்களுக்கு வழிகாட்டி நூல் ஒன்றும் எழுதியவர். ஆய்வகத்தில் சம்பளம் வாங்காமல் உழைத்தவர்.

இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன். எவர்ஷெட்டின் ஒரு காலை உலகப் புகழ் பெற்றது. அதற்கு இணையாக நான் மதிப்பது அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆயிரக்கணக்கான சாதாரணக் காலைகளை. அன்றைக்குக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, படம் எடுத்தார்கள், கண்ணாடித் தகட்டைக் கழுவிக் காயவைத்தார்கள், தேதி எழுதி உறையில் போட்டார்கள். இங்கிலாந்தில் மேகம் மூடிய நாட்களில் கிரீன்விச் வானாய்வகம் தன் கரும்புள்ளிக் கணக்கின் இடைவெளிகளை நிரப்பக் கொடைக்கானல் தகடுகளையும் எடுத்துக்கொண்டது. இன்று அந்தத் தகடுகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். கரும்புள்ளி பெருகிக் குறையும் பதினொரு ஆண்டுச் சுழற்சிகள் பத்துக்கும் மேல் ஒரே இடத்திலிருந்து பார்த்தபடி கிடைக்கின்றன. பழைய சூரியன் எப்படி இருந்தது என்று எந்த நாட்டு ஆய்வாளரும் அதில் தேடலாம். வேலை பார்க்கிறவரிடம் மேகம் மூடிய நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மேகம்னு எழுதுவோம் மேடம்" என்றார்.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிறதே, அதற்கும் சூரியனின் பதினொரு ஆண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பெரியப்பா கேட்டார். கிடையாது. ஆனால் இந்த ஊரில் நின்றால் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான்.

சுரங்கத் தொலைநோக்கியைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்புகின்றன. வெளிச்சம் கீழே இறங்கி, தரைக்கு அடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்தில் கிடையாகப் போகிறது. முடிவில் விழும் சூரியன் 34 சென்டிமீட்டர் அகலம், ஒரு தோசைக்கல் அளவு. தரைக்கு அடியில் வெப்பம் மாறாது என்பதால் பிம்பம் அமைதியாக இருக்கும். அனில் குமார் தாஸ் இயக்குநராக இருந்த காலத்தில் திட்டமிட்டு 1960 வாக்கில் நிறைவானது. முதல் இந்திய இயக்குநர் ஏ. எல். நாராயண் 1937-இல் பொறுப்பேற்றார், அவருக்குப் பின் வந்தவர் தாஸ்.

1960-இல் இங்கே இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. அவரைப் பற்றி நாளைக்கு, அவர் இடத்தில் வைத்து. மத்தியானம் இறங்கி, திண்டுக்கல், சேலம் என்று மாறி மாறித் திருப்பத்தூர் வந்து சேர இரவாகிவிட்டது.

சனி, காவலூர்

திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து ஜவ்வாது மலைச் சாலை. உயரம் 725 மீட்டர்தான், கொடைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. பிறகு ஏன் இங்கே? கொடை சூரியனுக்கு நல்ல இடம், இரவு நட்சத்திரத்துக்கு அவ்வளவு தோதில்லை, மேகமும் மூடுபனியும் அதிகம். 1960களில் பாப்பு ஆட்களை அனுப்பி மலை மலையாகத் தேடினார். தெளிவான இரவுகள், ஊர் வெளிச்சம் இல்லாத காடு, அதோடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தென்வானம் நன்றாகத் தெரியும் வசதி, எல்லாம் சேர்ந்து காவலூரைக் காட்டின. 1968-இல் கொடைப் பட்டறையில் தாங்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது.

பாப்பு சென்னையில் 1927-இல் பிறந்தவர். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949-இல் ஒரு வால்மீன் அவர் பெயரையும் சேர்த்துத் தாங்கியது. 1957-இல் அமெரிக்க வானியலாளர் வில்சனோடு சேர்ந்து, நட்சத்திர நிறமாலையில் ஒரு கால்சியக் கோட்டின் அகலத்தை வைத்தே அதன் உண்மை ஒளிர்வைச் சொல்லலாம் என்று காட்டினார். வெளிநாட்டில் வசதியாக இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். கொடை ஆய்வகம் 1971-இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானதும், பின்னர் பெங்களூருக்குத் தலைமையிடம் மாறியதும் அவர் முயற்சியில்தான்.

வளாகத்தில் முதலில், ஸைஸ் (Zeiss) நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கியின் கூரைக்கோளம். ஜெர்மனியின் யேனா நகரத்திலிருந்து 1972-இல் வந்தது. பொருத்திய சூட்டிலேயே, ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்த நிகழ்வைப் பார்த்து, கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியைப் பதிவுசெய்தார்கள்.

1977 மார்ச் 10 இரவுக் கதை இன்னும் சுவையானது. அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இங்கே நட்சத்திர ஒளியை அளந்துகொண்டிருக்கும்போது, கோள் இன்னும் எட்டத்தில் இருக்கையிலேயே ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு இன்னொரு நிலவு இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே நேரம் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கக் குழு, பல முறை மங்கியதைக் கண்டது. மற்ற இடத்துப் பதிவுகளும் சேர்ந்து யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. ஒளியளவைக் கோடாக வரைந்த காவலூர்க் காகிதச் சுருளில் விழுந்த பள்ளமும் அந்த வளையத்தினுடையது.

1988 பிப்ரவரி 17-இல் ராஜமோகன் வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் எடுக்கும் இங்குள்ள ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். 1885-இல் போக்சன் கண்டதற்குப் பிறகு நூறாண்டு தாண்டி இந்தியாவிலிருந்து இன்னொன்று. அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டதும் பெரியப்பா கை தட்டிவிட்டார், பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

பெரிய கோளத்துக்குள் இருப்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். தாங்கி நிற்கும் இரும்பு அமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகரில் செய்தது. வாங்கிக்கொள்ளலாமே என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். செய்து பழகினால்தான் அடுத்ததும் செய்யவரும் என்பது பாப்புவின் பிடிவாதம். அதன் வழியே அவர் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் இறந்துவிட்டார், வயது 55. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார்.

இருட்டியதும் பார்வையாளருக்கென்று வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கியில் வரிசை. உச்சியில் கார்த்திகை, பக்கத்தில் ரோகிணி, சிவந்த திருவாதிரை. ஓரியன் நெபுலாவைப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி, "புகை மாதிரி இருக்குக்கா" என்றாள். தெற்கே தாழ அகத்தியர் நட்சத்திரம், இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு எழாத நட்சத்திரம். கண் பழகப் பழக வானம் நிறைந்தது. ஆனால் வாணியம்பாடிப் பக்கம் அடிவானம் வெளுத்துக் கிடந்தது. எனக்கு அது வலித்தது. சென்னையை விட்டு மலைக்கு, மலையை விட்டுக் காட்டுக்கு என்று நகர்ந்த ஆய்வகத்தை நம் வெளிச்சம் இங்கேயும் எட்டிக்கொண்டிருக்கிறது. இதே நிறுவனம் லடாக்கின் ஹன்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கி வைத்து, பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறது. அதற்காகக் காவலூரைக் கைவிடமுடியாது. தெருவிளக்குக்கு மேல்மூடி போட்டுத் தரையை மட்டும் வெளிச்சமாக்குவது கஷ்டமான காரியம் இல்லை. மலையடிவார ஊராட்சிகளும் ஆலைகளும் இதைச் செய்யலாம், செய்யவேண்டும்.

ஞாயிறு, ஜோலார்பேட்டை

ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். நேற்று இரவு போட்ட பதிவுக்குப் பிறகு எப்படிப் போவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

காவலூரில் பொதுமக்களுக்கு வானம் காட்டுவது சனிக்கிழமை மாலை. கிளம்பும் முன் அந்த வாரம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். அமாவாசையை ஒட்டிய சனி கிடைத்தால் விடாதீர்கள். இரவில் பேருந்து குறைவு, திரும்ப வண்டி பேசிவைத்துக்கொண்டு போவது நல்லது. டார்ச் கொண்டுபோனால் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். கொடையில் ஏரியையும் பில்லர் ராக்கையும் பார்த்துவிட்டு மதியம் ஆய்வகம் போகலாம் என்று நினைக்காதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள். நுங்கம்பாக்கம் தூணுக்கு முன் அனுமதி வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துப்போக விரும்பும் ஆசிரியர்கள் கடிதத்தில் ரகுநாதாச்சாரியின் பெயரையும் எழுதுங்கள். அந்த இடத்தில் அவர் பெயர் அடிக்கடி ஒலிக்கட்டும்.